14 செ.மீ. சினைப்பைக் கட்டி: லேப்ராஸ்கோபி முடியுமா?

சகோதரி, கட்டி 14 செ.மீ. என்பதால் வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றார்கள், லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையில், எடுக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அளவு மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. ஸ்கேனில் உள்ளே வெறும் நீர்தானா, திடப்பகுதி உண்டா என்பதே முக்கியம். நீர் மட்டும்தான் என்றால், கசியாதபடி உறிஞ்சிச் சுருக்கி, அதற்கென்றுள்ள ஒரு சிறு உறைக்குள் போட்டு, சிறு துளை வழியாகவே எடுக்க முடியும். புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் கதை வேறு: கட்டி உள்ளே உடைந்தால், சினைப்பைக்குள் அடங்கியிருந்த நோய்கூட புற்றுநோயின் தொடக்க நிலையான 1ஏ-யிலிருந்து, அதைவிட ஒரு படி முற்றிய 1சி நிலை ஆகிவிடும். அப்போது திறந்து முழுதாக எடுப்பதே பாதுகாப்பு.

இரத்தப் பரிசோதனையில் சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம்) சற்றுக் கூடியதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் அது ஏறும். பெரிய கட்டிகளை லேப்ராஸ்கோபியில் எடுத்துப் பழகிய இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள், சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். அதற்குள் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.