மேல்தட்டு யாருடையது?

கேள்வி: எனக்கு 41 வயது, மனைவிக்கு 37. வீட்டிலேயே பேலியோ, அதாவது கற்கால மனிதன் சாப்பிட்ட மாதிரியான உணவுமுறையில், இருக்கலாம் என்று நான் சொன்னேன், அவளும் சரி என்றாள். ஏழு வாரம் ஆகிறது. தானியம், பருப்பு, பால், சர்க்கரை எல்லாம் நிறுத்தியாச்சு. 94 கிலோ இருந்த நான் 87க்கு வந்துவிட்டேன். பிரஷர் மாத்திரை ஒன்று மட்டும் போடுகிறேன். சட்டென்று எழுந்தால் எப்போதாவது கண் இருட்டும், மற்றபடி உடம்பு லேசாக இருக்கிறது. 68 கிலோ இருந்த மனைவி இரண்டு கிலோதான் குறைந்தாள். காரணம், அவள் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை. ஐந்து வயது மகள் தட்டில் மீதம் வைக்கும் சோற்றை வாயில் போட்டுக்கொள்கிறாள். போன வாரம் அலமாரியில் மகளின் துணிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கண்டுபிடித்தேன். கேட்டால் அழுகிறாள், எரிந்து விழுகிறாள், முடி கொட்டுகிறது என்று பேச்சை மாற்றுகிறாள். என் மேல் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் எனக்கு நான்கு முட்டை, தனக்கு ஒன்று போதும் என்பாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இறைச்சி சமைத்து, என் பெயர் ஒட்டிய டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிடுவாள். அவள் பங்கு தீர்ந்துபோனாலும் அதில் கை வைக்க மாட்டாள். கற்கால மனிதனுக்கு இருந்த மன உறுதி இவளுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? எப்படி ஊக்கப்படுத்துவது?
— பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, துணிக்குப் பின்னால் இருந்த பிஸ்கட்டைக் கண்டுபிடித்த நீங்கள், கண் முன்னால் இருக்கும் முட்டையை எண்ணவில்லை.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. உணவுமுறையின் பெயர்தான் வருஷத்துக்கு வருஷம் மாறும். நான் ஒழுங்கு, அவள் ஏமாற்றுகிறாள் என்கிற புகார் மாறாது. இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த இடத்தில் நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. ஏழு வாரமாக நீங்கள் பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள், அவள் அழுதுகொண்டுதானே இருக்கிறாள்.

எனக்கு அந்த மேல்தட்டைப் பற்றிச் சொல்லுங்கள். "அவள் பங்கு தீர்ந்துபோனாலும் அதில் கை வைக்க மாட்டாள்." இதை நீங்கள் மனைவிக்கு ஒரு நற்சான்றிதழாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அவள் பங்கு ஏன் தீர்ந்துபோகிறது? உங்கள் பங்கு ஏன் தீர்வதே இல்லை? தீர்ந்த அன்று ராத்திரி அவள் என்ன சாப்பிட்டாள்? கடிதத்தில் உங்கள் எடை இருக்கிறது, அவள் எடை இருக்கிறது, பிஸ்கட் ஒளிந்திருந்த இடம் வரைக்கும் இருக்கிறது. அவள் தட்டில் என்ன இருந்தது என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை. பார்த்திருந்தால்தானே எழுத!

கணக்கு போடுவோம். பேலியோவில் எதை நிறுத்துகிறோம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நிறுத்திய இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கப் சோற்றில் சுமார் 200 கலோரி. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் முட்டை, மீன், இறைச்சி, கொட்டைகள், காய்கறி என்று வயிறு நிறைய ஏதாவது வந்தாக வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். உங்களுக்குக் காலையிலேயே 24 கிராம் போய்விடுகிறது, அவளுக்கு 6. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்கிற குறைந்தபட்சக் கணக்கை வைத்தால்கூட 68 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் வேண்டும். பாக்கி 48 கிராமுக்கு அவள் எங்கே போவாள்? கீழ்த்தட்டில் பாதியில் காலியாகிவிடுகிற அந்த டப்பாவுக்கா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஆக, உங்கள் வீட்டில் பேலியோ இருப்பது நீங்கள் ஒருவர்தான். அவள் இருப்பது பட்டினி. பட்டினி கிடக்கிற உடம்பு சாயங்காலம் நாலு மணிக்கு எது சட்டென்று சக்தி தருமோ அதைத் தேடும். மகள் தட்டில் இருக்கிற நாலு வாய்ச் சோற்றையும் பிஸ்கட்டையும் தவிர அந்த வீட்டில் பெயர் ஒட்டாத சாப்பாடு வேறு என்ன மிச்சம் இருக்கிறது? இதற்கு ஏமாற்றுவது என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த முடி. "பேச்சை மாற்றுகிறாள்" என்கிறீர்கள். பேச்சை மாற்றவில்லை தம்பி, பதில் சொல்லியிருக்கிறாள். சாப்பாடு போதாமல் போனாலும், புரதமோ இரும்புச்சத்தோ குறைந்தாலும், தைராய்டு சரியில்லாவிட்டாலும் முடி கொட்டும். எரிந்து விழுவதும் அழுவதும்கூடப் பசியிலும் சோர்விலும் வரக்கூடியவைதான். இந்த வாரமே அவளை அழைத்துப் போய் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். எது என்று ரத்தம் சொல்லட்டும், நீங்களும் நானும் ஊகிக்க வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி 19 முதல் 50 வயது வரை உள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை, ஆணுக்கு 8. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்பு அது. இறைச்சியில் இருக்கிற இரும்பு, கீரையில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும். உங்கள் பெயரை ஒட்டி எடுத்து வைத்திருக்கிறாளே, அந்த டப்பாவில் இருப்பது உங்களைவிட அவளுக்குத்தான் அதிகம் வேண்டியது.

எடை ஒப்பீட்டை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடலாம். பெரிய உடம்பு வேகமாகக் குறையும். சராசரியாக ஆணுக்குத் தசை அதிகம், சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரிக்கும் கலோரி அதிகம். மாவுச்சத்தை நிறுத்திய முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்கிற வடிவத்தில் சேமிக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், அது போகும்போது இதுவும் போகும். பெண்ணுக்கு மாதவிலக்கை ஒட்டி ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். உங்கள் ஏழு கிலோவில் மன உறுதியின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் கம்மி.

கற்கால மனிதன் என்றீர்களே, அவனிடமும் ஒரு நடை போய் வருவோம். தானியமே தெரியாதவன் என்று அவனை நினைத்துக்கொள்கிறோம். விவசாயம் தொடங்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே, 14,000 வருஷத்துக்கும் முன்னால், ஜோர்டானில் வேட்டையாடி உணவு சேகரித்து வாழ்ந்தவர்கள் ரொட்டி சுட்டிருக்கிறார்கள்; அதன் கருகிய துணுக்குகளைப் பற்றி ஆய்வாளர்கள் 2018ல் எழுதினார்கள். உங்கள் மகள் தட்டில் இருக்கிற நாலு வாய்ச் சோற்றுக்கு அவன் சண்டைக்கு வந்திருக்க மாட்டான். சரி, அவன் இறைச்சியை என்ன செய்தான்? அந்தக் காலத்துக்குப் போய்ப் பார்க்க முடியாது, ஆனால் வேட்டையாடியே வாழ்ந்த மக்கள் நம் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். தென் ஆப்பிரிக்கப் பகுதியில் இருக்கும் கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மிருகத்தை வீழ்த்தியது யாருடைய அம்போ, அவருக்குத்தான் இறைச்சியைப் பங்கிடும் பொறுப்பு. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள் என்பதால், வேட்டைக்கே போகாத கிழவர் பங்கிடுவதும் உண்டு. பெரிய மிருகத்தைக் கொண்டுவந்தவன் தலை கனத்துவிடக் கூடாது என்று, "இந்த எலும்புக்கூட்டை இழுத்து வரவா எங்களைக் கூப்பிட்டாய்" என்கிற மாதிரி கிண்டல் வேறு செய்வார்கள். முகாமில் எல்லோருக்கும் பங்கு. பெண்கள் பொறுக்கி வந்த கொட்டையும் கிழங்கும்தான் அவர்கள் சாப்பாட்டில் பாதிக்கு மேல். தன் பங்கைத் தனியாக எடுத்து உயரத்தில் வைத்துக்கொண்ட வேட்டைக்காரனை அந்த முகாம் சும்மா விட்டிருக்காது.

நான் கேட்கவில்லையே, அவளாகத்தானே எடுத்து வைக்கிறாள் என்பீர்கள். உண்மை. நானும் வைத்தவள்தான். கல்யாணமான புதிதில் அவருக்கு என்று ஒரு கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன், அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. பல வருஷம் அவர் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தவர் நான் அடுப்படியில் நின்றுகொண்டே வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து என் தட்டு போடாமல் அவர் கை நனைக்கவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, என் கடமையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. கொடுப்பவள் பேசாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், வாங்குகிறவனுக்கு எண்ணிப் பார்க்கும் கடமை வந்துவிடுகிறது. குடும்பம் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான், இதைப் பழைய காலத்துப் பேச்சு என்றாலும் எனக்கு வருத்தமில்லை. எண்ணாமல் வாங்கித் தின்றுவிட்டு, கொடுத்தவளின் அலமாரியைத் துழாவுகிற ஆம்பிளைக்குப் பரிந்து நான் பேச முடியாது.

உங்கள் மகளுக்கு ஐந்து வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. ஃப்ரிட்ஜைத் திறந்து அவள் முதலில் படித்த சொற்களில் அப்பாவின் பெயரும் ஒன்றாக இருக்கும். தான் வைத்த மிச்சத்தை அம்மா சாப்பிடுவதையும் அதற்காகத் திட்டு வாங்குவதையும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்குத் தனக்கு எந்தத் தட்டு என்று அவளே முடிவு பண்ணிக்கொள்வாள், நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

உங்கள் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுந்தால் கண் இருட்டுகிறது என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எடை குறைந்து, தண்ணீரும் உப்பும் உடம்பிலிருந்து இறங்கும்போது ரத்த அழுத்தமும் இறங்கும். பழைய எடைக்குக் கொடுத்த மாத்திரை இப்போது அதிகமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். அவள் ரத்தப் பரிசோதனைக்குப் போகிற அதே நாளில் போய்விடலாம்.

பேலியோவைத் தொடருவதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் "அவளும் சரி என்றாள்" என்பதை மறுபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இந்தத் தடவை "வேண்டாம்" என்று பதில் வந்தாலும் சாப்பாட்டு மேஜை அப்படியே இருக்கும் என்கிற மாதிரி கேளுங்கள். அவளுக்குச் சோறு வேண்டுமென்றால் சோறு சாப்பிடட்டும், நீங்கள் உங்கள் இறைச்சியைச் சாப்பிடுங்கள், ஒரே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. அவளும் தொடர்கிறேன் என்றால் முட்டை அவளுக்கும் மூன்று. ஒரு டம்ளர் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 வேண்டும். பாலை நிறுத்தியவர்கள் கீரை, எள், முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன் என்று அந்த இடத்தை இட்டு நிரப்பியாக வேண்டும். குழந்தைக்குப் பாலும் சோறும் எப்போதும் போல இருக்கட்டும், உங்கள் பரிசோதனையை அவளிடம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த தடவை இறைச்சியை நீங்கள் சமையுங்கள். தெரியாது என்றால் கற்றுக்கொள்ளுங்கள், 41 வயது ஒன்றும் வயதில்லை. டப்பாவில் போடுவதற்கு முன்னால் அவள் தட்டில் போடுங்கள். அந்த ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டினால் பசை அப்படியே நிற்கும்; வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் சுலபமாக வந்துவிடும்.