பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி: இலவசமாகக் கிடைப்பதை ஏன் விடுகிறீர்கள்?

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை காலை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரின் மேற்குப் புறநகரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தது. சொந்த ஊர் திருச்சி. மகள் பத்தாம் வகுப்பு. அம்மா கையோடு ஒரு அட்டவணை கொண்டுவந்திருந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மகள் எழுத வேண்டிய 11 ஏ.பி. தேர்வுகள் (பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடம் படித்து எழுதுபவை), கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி. "நியூ ஜெர்சியில் என் நாத்தனார் பையன் ஒன்பது முடித்துவிட்டான் அக்கா. இவள் இன்னும் ஒன்றுகூடத் தொடங்கவில்லை. பின்தங்கிவிட்டோமா?" என்று கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். பிறகு அந்தத் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரி எந்தத் தேதியில் உறைந்தது, எந்தத் தேதியில் பனிக்கட்டி முழுவதும் விலகியது, ஜூலையில் தண்ணீர் எப்போது பச்சையானது என்று ஆறாம் வகுப்பிலிருந்து எழுதி வருகிறாள். ஓரங்களில் பென்சிலால் பாசி, நத்தை, நாணல் வேர். "அது பொழுதுபோக்கு" என்றார் அம்மா. பதினொரு தேர்வுகளில் சுற்றுச்சூழல் அறிவியலாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. லேசான பாடம், அதை எடுத்தால் மதிப்பில்லை என்று உறவினர் சொன்னாராம். ஐந்து ஆண்டுகளாக ஒரு குழந்தை யாரும் சொல்லாமல் செய்துவருவதை, ஒரு நாளும் அவளோடு உட்கார்ந்து பேசாத உறவினரின் ஒரு வார்த்தைக்காக ஒதுக்கிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். அதை அவர்களிடம் சொல்லியும்விட்டேன்.

ஏ.பி. பற்றி இங்கே விரிவாக விளக்கப்போவதில்லை. எல்லோர் வீட்டிலும் அதைப் பற்றித்தான் பேச்சு. கணக்கை மட்டும் சொல்கிறேன். 2025-இல் ஒரு தேர்வுக்குக் கட்டணம் 99 டாலர். பதினொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டும், பயிற்சி வகுப்புக்கான பணம் தனி. ஆண்டு முழுவதும் படித்ததற்கான கிரெடிட், அதாவது கல்லூரிப் பட்டக் கணக்கில் சேரும் அலகு, மே மாதத்தில் எழுதும் ஒரே தேர்வில் தொங்குகிறது. சரி, அவ்வளவும் செய்து பெரிய பெயருள்ள கல்லூரியில் சேர்ந்தால்? டார்ட்மத்தும் கால்டெக்கும் ஏ.பி. மதிப்பெண்ணுக்குக் கிரெடிட்டே கொடுப்பதில்லை. கடினமான பாடங்களை எடுத்திருக்கிறாரா என்று சேர்க்கையின்போது பார்ப்பார்கள், உண்மைதான். அதற்குப் பதினொன்று வேண்டியதில்லை.

இப்போது, மினசோட்டாவில் இருந்துகொண்டே நம்மவர்களில் பலர் கேள்விப்படாத ஒன்று. பி.எஸ்.ஈ.ஓ. என்று பெயர். பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் கல்லூரிக்கே போய், கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து படிக்கும் திட்டம். 1985-இல் மினசோட்டாதான் நாட்டிலேயே முதலாவதாக இதைச் சட்டமாக்கியது. கல்விக் கட்டணம், மற்ற கட்டணங்கள், கட்டாயப் பாடநூல்கள், எதற்கும் குடும்பம் ஒரு காசு கட்ட வேண்டாம். மாநில அரசு நேராகக் கல்லூரிக்குக் கட்டிவிடுகிறது. பாடநூலைப் பருவ முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே பாடமும் எடுக்கலாம், முழு நாளையும் கல்லூரியிலேயே கழிக்கலாம். எடுக்கும் பாடம் பள்ளிப் படிப்பிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். பள்ளியின் இசைக்குழுவையோ விளையாட்டையோ விட வேண்டியதில்லை.

கிரெடிட் எங்கே செல்லும் என்பதுதான் முக்கியம். மினசோட்டாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக 40 கிரெடிட் கொண்ட ஒரு அடிப்படைப் பாடத்தொகுப்பு உண்டு. எழுத்து, கணிதம், இயற்கை அறிவியல், வரலாறு என்று பத்துப் பிரிவுகள். ஒரு சமுதாயக் கல்லூரியில் (இரண்டு ஆண்டுப் படிப்புத் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) அதை முடித்தால் மினசோட்டா பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளும். இளநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட். மூன்றில் ஒரு பங்கு, பள்ளியை விட்டு வெளியே வருவதற்குள், செலவே இல்லாமல்.

"சமுதாயக் கல்லூரியா?" என்று அப்பா முகம் சுளித்தார். மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்ற நினைப்பு. ப்ளூமிங்டனில் இருக்கும் நார்மண்டேல் கல்லூரிக்கு ஒரு நாள் மகளோடு போய்ப் பாருங்கள் என்றேன். பகலில் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வரும் தாய்மார்கள், பதினெட்டு வயதுப் பிள்ளைகள், பேரன் எடுத்தவர்கள் எல்லோரும் அந்த வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆய்வக அறிக்கை எழுதும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு, தனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். நிலவியல் பிடிக்கவில்லை என்று அங்கே கண்டுபிடித்தால் நஷ்டமில்லை. தனியார் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில், கடன் வாங்கிய பிறகு கண்டுபிடித்தால்? அந்தக் கடன் யார் தலையில்?

மினசோட்டா பல்கலைக்கழகமே இந்தத் திட்டத்தில் மாணவர்களை எடுக்கிறது. அங்கே போட்டி அதிகம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையொன்றுமில்லை.

பயப்பட வேண்டியதற்குப் பயப்படத்தான் வேண்டும். கல்லூரியில் வாங்கும் கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். "எப்படியாவது டாக்டர் ஆக்கிவிட வேண்டும்" என்று சொல்லும் பெற்றோர் இதைக் கவனமாகக் கேளுங்கள்: மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் கிரேடும் சராசரியில் சேர்க்கப்படும். பதினாறு வயதில் ஐந்து பாடங்களைத் திணித்து, இரண்டில் தடுக்கி விழுந்தால் அந்தத் தழும்பு ஆறு ஆண்டுகள் கழித்தும் தெரியும். ஆகவே முதல் பருவத்தில் இரண்டு பாடங்கள். மூன்றாவது வேண்டாம், யார் சொன்னாலும் வேண்டாம். மாநிலத்துக்கு வெளியே படிக்கும் எண்ணம் இருந்தால், இந்தக் கிரெடிட்டை ஏற்பார்களா என்று அந்தக் கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தில் மகள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்குத் தரும் விசாவில், இருக்கிறாள். நம்மில் பலர் வீட்டிலும் அப்படித்தான். 21 வயதானால் பிள்ளைக்கு அந்த நிலை முடிந்துவிடும். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கிடைக்காது. ஒரு பருவமோ ஓர் ஆண்டோ முன்கூட்டிப் பட்டம் முடிப்பது இவர்களுக்கு வெறும் பணச் சேமிப்பு இல்லை. அப்பா பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. பெண் வாரந்தோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற்றதற்கு மினசோட்டா ஒரு இருமொழி முத்திரை வழங்குகிறது. மாநில அரசுக் கல்லூரிகளில் சேர்ந்து, பள்ளி முடித்த மூன்று கல்வியாண்டுகளுக்குள் கேட்டால், அதற்கும் மொழிப்பாடக் கிரெடிட் உண்டு. தமிழில் எழுதவும் பேசவும் சோதிக்கும் தேர்வு இருக்கிறது. உங்கள் பள்ளியிடம் கேளுங்கள். வீட்டில் பாட்டியோடு பேசிய தமிழுக்குக் கல்லூரிக் கணக்கில் இடம் கிடைக்கிறது என்றதும் அந்த அம்மா முதல் முறையாகச் சிரித்தார்.

இலையுதிர் பருவத்தில் சேர விரும்பினால் மே 30-க்குள் பள்ளி மாவட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கல்லூரிக்கு விண்ணப்பம் தனி. பள்ளியிலிருந்து யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். பள்ளி ஆலோசகரிடம் நீங்களே நேரம் கேளுங்கள், பெண்ணையும் அழைத்துக்கொண்டு போங்கள், பேச்சை அவளே தொடங்கட்டும்.

கிளம்பும்போது அப்பா கேட்டது பஸ்ஸைப் பற்றி. ஜனவரிக் குளிரில் நிறுத்தத்தில் எப்படி நிற்பாள்? உறைந்த ஏரியின்மேல் நின்று தேதி குறிக்கும் பெண்ணை அவர் திரும்பிப் பார்த்தார். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு பாடங்களை அதற்குள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: ஆய்வகத்தோடு நிலவியல், ஆங்கில எழுத்து. பக்கத்தில் பஸ் எண்ணுக்காக ஒரு வெற்றிடம் விட்டிருந்தாள்.