மூடிய இடத்தை இன்னொரு முறை எப்படி மூடுவது? – கடிதம்

வணக்கம் சார்,

போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் இருக்கும் ரேவன்கிளாஸ் போயிருந்தோம். அங்கே ஒரு குட்டி ரயில் ஓடும், அதற்காக. அப்படியே வைட்ஹேவன் வரை போகலாம் என்று கடலோர ரயிலில் ஏறினால், சீஸ்கேல் தாண்டியதும் செல்லஃபீல்டு அணுசக்தித் தளம் வந்தது. வேலி, கிரேன், சாரம், ஜன்னலே இல்லாத கட்டடங்கள். பெரியவள், “இங்கே என்னப்பா செய்றாங்க?” என்று கேட்டாள். “ஒன்றும் செய்யவில்லை, மூடிவிட்டார்கள்” என்றேன். வீட்டுக்கு வந்து தேடினால் அங்கே சுமார் பதினோராயிரம் பேர் வேலை செய்கிறார்களாம். ஒரு பழைய கிடங்கிலிருந்து தினமும் கதிரியக்கத் தண்ணீர் மண்ணுக்குள் கசிகிறதாம், அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அது நன்றாகவே தெரியுமாம்! ஒரு ஹோட்டல் சமையலறையில் எலி ஓடினால் மறுநாளே பூட்டுப் போடுகிறார்கள். இங்கே ஏன் போடவில்லை? அபராதம் போட்டதாகவும் படித்தேன், யார் யாருக்குக் கட்டுகிறார்கள் என்று புரியவில்லை. ஆணையமும் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்துவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கார்த்தி, லங்காஸ்டர்

அன்புள்ள கார்த்தி,

மகளிடம் நீங்கள் சொன்னது பாதி சரி. கால்டர் ஹால் மின்நிலையம் 2003-இல் நின்றது. எரிந்த யுரேனியக் கோல்களைக் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்த தோர்ப் ஆலை 2018 நவம்பரில் நின்றது, அதன் பழைய சகோதரியான மேக்னாக்ஸ் ஆலை 2022 ஜூலையில். அதாவது எதையாவது உற்பத்தி செய்யும் வேலை அங்கே முடிந்துவிட்டது. எழுபது வருஷம் சேர்த்துவைத்ததை வெளியே எடுக்கிற வேலைதான் இப்போது நடக்கிறது, பதினோராயிரம் பேர் அதற்குத்தான். இப்போதைய திட்டப்படி முடிகிற வருஷம் 2125. உங்கள் மகளின் பேரப்பிள்ளைகள் அந்த ரயிலில் போகும்போதும் அங்கே கிரேன் நிற்கலாம்.

உங்கள் ஹோட்டல் உதாரணத்துக்கு வருகிறேன், சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. சமையலறைக்குப் பூட்டுப் போட்டால் அன்றைக்குச் சாப்பாடு நிற்கிறது, சாப்பாடு நின்றால் ஆபத்தும் நிற்கிறது. உலகத்தில் எந்தத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் கடைசி ஆயுதம் அதுதான், “நிறுத்து”. ஓடிக்கொண்டிருக்கும் அணுஉலையிலும் அது செல்லும். செல்லஃபீல்டில் எதை நிறுத்துவீர்கள்? கசிகிற இடம் ஏற்கெனவே வேலை நின்றுபோன இடம்.

நீங்கள் படித்த கிடங்கின் பெயர் மேக்னாக்ஸ் ஸ்வார்ஃப் சைலோ. அணுஉலையின் எரிபொருள் கோலைச் சுற்றி ஒரு மக்னீசியக் கலவை உறை இருக்கும். கரைப்பதற்கு முன் அந்த உறையைச் சீவி எடுக்க வேண்டும், தேங்காய்க்கு மட்டை உரிக்கிற மாதிரி. அந்தச் சீவல்களை 1960-களிலிருந்து பல பத்தாண்டுகளாக ஒரு கான்கிரீட் கட்டடத்துக்குள் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தார்கள். மொத்தம் 22 அறைகள். மக்னீசியம் தண்ணீரில் கிடந்தால் அரிக்கும், அரித்தால் ஹைட்ரஜன் வரும், ஹைட்ரஜன் தேங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆகவே நாள்தோறும் காற்றோட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டடத்தின் ஆகப் பழைய பகுதி 1970-களிலேயே ஒரு முறை கசிந்தது. 2019-இல் மறுபடி கசிவது தெரியவந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு ஒலிம்பிக் நீச்சல் குளம் நிரம்புகிற அளவு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2025 ஜூனில் சொன்னது. கசிவது கட்டடத்தின் அடியில், தரைக்குக் கீழே. ஆள் இறங்கி விரிசலைத் தேடி அடைக்கிற இடமா அது? உள்ளே இருப்பதைக் காலி செய்தால்தான் கசிவு நிற்கும், காலியாக 2050-கள் ஆகும் என்கிறார்கள்.

இப்போது நீங்கள் ஆணையத்தின் நாற்காலியில் உட்காருங்கள். “இது பாதுகாப்பாக இல்லை, நிறுத்து” என்று கையெழுத்துப் போட்டால் நிற்கப் போவது கசிவு இல்லை, காலி செய்கிற வேலை. காலி செய்வதும் சும்மா இல்லை. அறுபது வருஷம் அசையாமல் கிடந்த சேறைக் கிளறுகிறீர்கள், உள்ளே தங்கியிருந்த வாயு வெளியே வரும், மேலே கனமான இயந்திரங்களை ஏற்றுகிறீர்கள், தொழிலாளர்கள் பக்கத்தில் போகிறார்கள். இன்றைய ஆபத்து கொஞ்சம் கூடும், கூடினால்தான் நாளைய ஆபத்து குறையும். பிரித்துக் கலைக்கிற தளத்தில் ஆணையத்தின் வேலையே இந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று பேரம் பேசுவதுதான்.

சட்டத்திலேயே இந்த இரட்டைத்தன்மை இருக்கிறது. பிரிட்டனில் அணுசக்தித் தளம் ஒவ்வொன்றுக்கும் 1965-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஓர் உரிமம் உண்டு, அதோடு 36 நிபந்தனைகள். 35-ஆவது நிபந்தனை பிரித்துக் கலைப்பதைப் பற்றியது. பாதுகாப்புக்கு அவசியம் என்று பட்டால் வேலையை நிறுத்தச் சொல்ல அதில் அதிகாரம் இருக்கிறது, எதிர்பார்த்ததுதான். அதே நிபந்தனையில், வேலையைத் தொடங்கு என்று உத்தரவு போடவும் அதிகாரம் இருக்கிறது. சோம்பேறித்தனமும் ஒரு பாதுகாப்பு மீறல்தான் என்று ஒப்புக்கொள்கிற சட்டம். எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

ஒரு காட்சி சொல்கிறேன். அதே தளத்தில் இன்னொரு சைலோ, 1950-களின் தொடக்கத்தது, உள்ளே 3,200 கன மீட்டர் கழிவு. இது உலர்ந்த சைலோ, ஆனால் உள்ளே கிடக்கும் உலோகத் துண்டுகள் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடும், அதனால் ஆர்கான் வாயுவை நிரப்பி வைத்திருக்கிறார்கள். கட்டியவர்கள் ஊர்ப்பக்கத்துத் தானியக் குதிர் மாதிரி, மேலே கொட்டுவதற்கு வழி வைத்தார்கள். குதிரிலாவது அடியில் ஒரு துவாரம் இருக்கும், இதில் அதுவும் இல்லை! திரும்ப எடுக்க வேண்டிவரும் என்று யாருக்கும் தோன்றவில்லை போல. என்ன செய்வது? பக்கச் சுவரில் ஆறு ஓட்டை போட வேண்டும். அப்படியே போட்டால் ஆர்கான் வெளியே, காற்று உள்ளே. முதலில் வெளிச்சுவரில் ஆறு கனத்த எஃகுக் கதவுகளைப் பொருத்தி, அந்தக் கதவுகளுக்குள்ளிருந்தே கான்கிரீட்டை அறுத்து, அறுத்த துண்டை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். முதல் கழிவு வெளியே வந்தது 2023-இல். கதிரியக்கக் கழிவு இருக்கிற சுவரில் ரம்பம் வைக்கலாம் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், யோசித்துப் பாருங்கள். போடாமல் இருந்தால் அவருக்கு எந்தப் பழியும் வந்திருக்காது, அவர் ஓய்வுபெறும் வரை சைலோவும் அப்படியே நின்றிருக்கும்.

பல வருஷம் அப்படித்தான் ஆனது. எல்லாரும் குற்றமற்ற திட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். எடுத்த கழிவை உடனே இறுக்கி மூடி இறுதி வடிவத்தில்தான் வைக்க வேண்டும், அதற்கு ஆலை வேண்டும், அதற்கு வடிவமைப்பு வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. 2014 வாக்கில் ஆணையம் தன் அணுகுமுறையை மாற்றியது. நிறுவனம், தளத்தின் உரிமையாளரான அரசு அமைப்பு, அமைச்சகம், சுற்றுச்சூழல் ஆணையம் என எல்லாத் தரப்பையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, இப்போதைக்குப் பெட்டியில் எடுத்து நல்ல கட்டடத்தில் வை, இறுக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி முடிவுகளுக்கு வந்தார்கள். நீங்கள் ‘கூட்டு’ என்று சொல்வது இந்த மேஜையைத்தான் என்றால், ஆமாம், ஒரே மேஜைதான். எனக்கும் உறுத்தாமல் இல்லை. தேதி தள்ளிப்போனால் தானும் சங்கடப்படுகிற ஆணையம், தேதிக்காகக் கண்ணை மூடிக்கொள்ளாது என்று எப்படி நம்புவது? எதிர் உதாரணமாக ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடியும். 2017-இல் அங்கே கையுறைப் பெட்டியில், அதாவது மூடிய பெட்டிக்குள் கையுறை வழியே கையை மட்டும் விட்டு, வேலை செய்த ஒரு தொழிலாளியின் கையில் கூரான கருவி குத்திக் கதிரியக்கப் பொருள் உடம்புக்குள் போனது. மேஜை நட்பெல்லாம் பார்க்காமல் ஆணையம் வழக்குப் போட்டது, 2019-இல் 3,80,000 பவுண்ட் அபராதம்.

அபராதம் யாருக்கு என்று கேட்டீர்கள். செல்லஃபீல்டு நிறுவனம் 2016 முதல் முழுக்க அரசு அமைப்பின் கையில், செலவு வரிப்பணம். அபராதமும் போய்ச் சேருவது அரசுக் கருவூலத்துக்கு. இடது பையிலிருந்து வலது பைக்கு, அவ்வளவுதான். 2024-இல் கணினிப் பாதுகாப்பைக் கோட்டைவிட்டதற்கு 3,32,500 பவுண்ட் போட்டார்கள், மொத்தச் செலவு மதிப்பீடு 136 பில்லியன் பவுண்ட் என்கிற இடத்தில் அது டீக்காசு. உறைக்கிறது என்றால் நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்ட அவமானம் உறைக்கும். அதைவிட, ஒவ்வொரு கட்டத்திலும் “அனுமதி இல்லாமல் அடுத்த படி எடுக்காதே” என்று ஆணையம் வைத்திருக்கும் நிறுத்தப்புள்ளிகள் உறைக்கும்.

சரி, ஆணையத்தின் மீது எனக்கு இருக்கும் பயம் வேறு. அதை டூன்ரேயைச் சொன்னால்தான் விளக்க முடியும். ஸ்காட்லாந்தின் வடகோடி, வேக ஈனுலைகள் (ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலைகள்) ஓடிய இடம், 1994-இல் கடைசி உலையும் நின்றுவிட்டது. 1998 மே மாதம் அங்கே ஒரு மண்வெட்டும் இயந்திரம் பூமிக்குள் இருந்த மின்கேபிளை அறுத்துவிட்டது. எரிபொருள் கையாளும் பகுதி முழுக்க மின்சாரம் போய், பல மணிநேரம் வரவில்லை. அதன்பின் ஆய்வாளர்கள் போய்த் தணிக்கை செய்து 143 பரிந்துரைகள் எழுதினார்கள். கேபிள் அதில் சின்ன விஷயம். தளத்தின் வேலைகளை ஒப்பந்ததாரர்களிடம் விட்டுவிட்டு, அவர்கள் செய்வது சரியா தப்பா என்று சொல்லும் அளவுக்குக்கூட உரிமதாரரிடம் விஷயம் தெரிந்தவர்கள் இல்லை என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். உரிமத்தில் 36-ஆவது நிபந்தனை, அதாவது ஆட்களைக் குறைத்தாலோ அமைப்பை மாற்றினாலோ கணக்குச் சொல் என்பது, அதற்கப்புறம் சேர்ந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாமா வீடு இடித்த நாள் ஞாபகம் வரும். மெயினை அணைத்தாயிற்று, ஃபியூஸையும் பிடுங்கியாயிற்று. கொல்லைச் சுவரில் கொத்தனார் உளியை வைத்ததும் தெறித்து விழுந்தார், நல்லவேளை அடியில்லை. பக்கத்துப் போர்ஷனிலிருந்து எந்தக் காலத்திலோ மோட்டாருக்கு இழுத்த தனி லைன். அது இருப்பது தெரிந்த எலக்ட்ரீஷியன் செத்து இருபது வருஷம். அத்தை மட்டும், “அந்தச் சுவர்ல எப்பவும் கரண்ட் அடிக்கும்னு உங்க மாமா சொல்வாரே” என்றாள், எல்லாம் முடிந்த பிறகு.

செல்லஃபீல்டில் ஆயிரத்துக்கு மேல் கட்டடங்கள். ஸ்வார்ஃப் சைலோவுக்குள் என்னென்ன விழுந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் ஓய்வுபெற்றாயிற்று, பலர் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அணுஉலைகளை மேற்பார்வையிட 1959-லேயே பிரிட்டனில் உரிமச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அரசின் சொந்த அணுசக்தி அமைப்பு நடத்திய தளங்களுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். செல்லஃபீல்டு அந்த உரிமத்துக்குள் வந்தது 1971-இல், டூன்ரே 1990-இல். ஆக, அந்த இரண்டு சைலோக்களின் வரைபடத்தையும் மேஜையில் விரித்து “போடுவது சரி, எடுப்பது எப்படி?” என்று கேட்கும் அதிகாரத்தோடு வெளியாள் ஒருவரும் இருக்கவில்லை. அதற்கான விலையைத்தான் இன்றைய ஆய்வாளர் கட்டிக்கொண்டிருக்கிறார். அவரைத் திட்டுவதாக இருந்தால், வேகம் போதாது என்று திட்டுங்கள். கணக்குக் குழுவும் செல்லஃபீல்டு நிறுவனத்தை அப்படித்தான் திட்டியது, வருடாந்திரக் காலிசெய்யும் இலக்குகளில் பெரும்பாலானவற்றைத் தவறவிட்டதை எடுத்துச் சொல்லி.

பயப்பட வேண்டுமா என்றும் உள்ளுக்குள் கேட்டிருப்பீர்கள். கசிவால் தொழிலாளர்களுக்கும் ஊராருக்கும் இன்றைக்கு உள்ள ஆபத்து குறைவு என்று ஆணையம் சொல்கிறது, நான் அதை நம்புகிறேன். பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். பாரோ பக்கமிருந்து போனால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஆலை. மகளை வலப்பக்க ஜன்னலில் உட்காரவையுங்கள், மறுபடி கேட்டால் குதிரில் ஆறு ஓட்டை போட்ட கதையைச் சொல்லுங்கள்.