கேள்வி–பதில்: 12 வோல்ட்டை எட்டாத மின்தேக்கி

கேள்வி: 12 வோல்ட் மின்கலத்துடன் 100 கிலோ ஓம் மின்தடையையும் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் தொடராக இணைத்து, மின்தேக்கியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்னழுத்தம் முதலில் மளமளவென ஏறி, பிறகு மிக மெதுவாக நகர்ந்து, 11.8 வோல்ட்டிலேயே நின்றுவிடுகிறது. மின்தேக்கி பழுதாகிவிட்டதா?
– வாசகர், ஈரோடு

பதில்: மின்தேக்கி நன்றாகவே இருக்கிறது. மின்தடையின் வழியே பாயும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது, மின்கலத்துக்கும் மின்தேக்கிக்கும் இடையே அந்தந்தக் கணத்தில் எஞ்சியிருக்கும் மின்னழுத்த வேறுபாடுதான். இணைத்த கணத்தில் மின்தேக்கி வெறுமையாக இருப்பதால் 12 வோல்ட்டும் மின்தடையின் மீதே அமைகிறது. அப்போது பாயும் 120 மைக்ரோ ஆம்பியர், மின்தேக்கியின் மின்னழுத்தத்தை நொடிக்கு 1.2 வோல்ட் வீதம் உயர்த்துகிறது. அந்த வேகம் நீடித்தால் 10 நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் மின்தேக்கியில் மின்னழுத்தம் ஏற ஏற எஞ்சிய வேறுபாடு சுருங்குவதால், மின்னோட்டமும் அதனுடன் ஏறும் வேகமும் தளர்ந்துகொண்டே போகின்றன.

அந்த 10 நொடிதான் உங்கள் சுற்றின் காலமாறிலி. மின்தடையை ஓமிலும் மின்தேக்குத்திறனை ஃபாரடிலும் எடுத்துப் பெருக்கினால் அது கிடைக்கும். ஒரு காலமாறிலி கழியும்போது, அதுவரை எஞ்சியிருந்த வேறுபாட்டில் 63.2 விழுக்காடு நிரம்புகிறது: 10 நொடியில் 7.6 வோல்ட், 20 நொடியில் 10.4, 30 நொடியில் 11.4. கணக்கின்படி முழு 12 வோல்ட் ஒருபோதும் வராது என்றாலும், 5 காலமாறிலிகளில் 99.3 விழுக்காடு எட்டிவிடுவதால் அதையே நிறைவு என்று கொள்வது வழக்கம். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளின் மேல் அச்சிட்ட மதிப்பு 20 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், உங்கள் அளவீட்டில் காலமாறிலி 8 அல்லது 12 நொடி என்று வந்தாலும் வியப்பதற்கில்லை.

இனி 11.8 வோல்ட்டுக்கு வருவோம். இங்கே முதல் காரணம் உங்கள் மல்டிமீட்டரே. பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை ஏறத்தாழ 10 மெகா ஓம். அது உங்கள் 100 கிலோ ஓமுடன் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மின்தேக்கிக்கு 11.88 வோல்ட்டுக்கு மேல் கிடைக்காது. மீதிக் குறைவுக்கு மின்தேக்கிக்குள் ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவான கசிவு இருந்தாலே போதும். இவ்வகை மின்தேக்கிகளில் அது இயல்பானது. மின்தடையை 10 கிலோ ஓமாக மாற்றிப் பாருங்கள். அளவு 12 வோல்ட்டை ஒட்டி வந்து நிற்கும்.

கேள்வி: பழைய எஸ்.எம்.பி.எஸ். (கணினி போன்ற கருவிகளுக்கு மின்சாரம் வழங்கும் பகுதி) பலகையில் உள்ள பெரிய மின்தேக்கியை ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கிணைத்து வெறுமையாக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக மாற்றியபின் அந்த மின்தேக்கியில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும்; 100 மைக்ரோ ஃபாரட் என்றால் 5 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல். தடை ஏதுமின்றி அதை ஒரே கணத்தில் பாயவிட்டால் தீப்பொறி பறந்து, முனையும் பலகையும் கருகும். மின் இணைப்பைக் கழற்றிய பிறகு, காப்பிட்ட கம்பிகளில் பொருத்திய 10 கிலோ ஓம், 10 வாட் மின்தடையை முனைகளுக்கிடையே பிடித்தால், காலமாறிலி 1 நொடி ஆவதால் 5 நொடிகளில் சுமார் 2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சில நிமிடம் கழித்து மீட்டரால் மறுபடி அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். மின்காப்புப் படலத்தில் தங்கிய மின்னூட்டம் மெல்ல வெளிப்பட்டு, மின்னழுத்தம் சிறிது மீண்டும் எழுவதுண்டு.