பழைய பெட்ரோல் காரில் காலையில் நீலப் புகை வந்தால் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டுமா?

இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் காரில் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வருகிறது, ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார், ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் காற்றழுத்தம்) பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். இதே பேச்சைக் கேட்டு முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போனவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புகையின் நிறத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, ஒழுகும் இன்ஜெக்டர், கெட்டுப்போன டெம்பரேச்சர் சென்சார் ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வெள்ளைப் புகை குளிர்காலக் காலையில் சில நிமிடம் வந்து நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலன்ட் குறையாமல் பிரேக் ஆயில் மட்டும் குறைந்து வெள்ளைப் புகை வருவதும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரில் ஒழுகும் பிரேக் ஆயிலை பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டரின் வேக்குவம் (காற்றை உறிஞ்சும்) குழாய் இன்ஜினுக்குள் இழுத்துவிடுகிறது. அப்படியானால் காரை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஆனால் ஆயில் எந்த வழியாக உள்ளே இறங்குகிறது என்பதை நிறம் சொல்லாது. புகை எப்போது வருகிறது என்பதுதான் சொல்லும். ரிங் தேய்ந்த இன்ஜின், சுமை ஏறும்போதெல்லாம், அதாவது மேட்டில் ஏறும்போதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும், விடாமல் புகையும். வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், போன இன்ஜின் அப்படியல்ல. இரவு முழுவதும் நின்ற காரில், ஹெட்டின் மேல் தேங்கிய ஆயில் வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அது எரிந்து, ஒரு பெரிய நீலப் புகையாக வெளியேறி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும்.

என்னுடையது 1999 மாடல், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு கொண்ட கார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரத்தில் சமதரை வந்ததும் காலை அழுத்தினேன்; பின்கண்ணாடியில் சாலையே தெரியவில்லை, பின்னால் பைக்கில் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார். த்ராட்டில் மூடிய நிலையில் இறங்கும்போது இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் வேக்குவம் கூடி, தேய்ந்த சீலைத் தாண்டி ஆயிலை இழுத்துக்கொள்ளும் என்பதும், ஏற்றத்தில் புகையாமல் இறக்கத்துக்குப் பின் புகைவது வால்வு சீலின் அடையாளம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. நான் முதலில் போன பட்டறையில் கேட்டதும் "போர் வேலை", அதாவது சிலிண்டரின் உள்சுவரையே கடைந்து சரிசெய்யும் வேலை, என்று முடித்துவிட்டார்கள். கம்ப்ரஷன் அளக்கும் கேஜைக்கூடக் கையில் எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். இன்னொரு செய்தி: அந்தக் கார் அதற்கு முந்தைய மாதம்தான் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வாங்கியிருந்தது. இவ்வளவு பழைய பெட்ரோல் காருக்கு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் ஓடும் நிலையில்) கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான் அளக்கிறார்கள். புகையின் அடர்த்தியை அளப்பது டீசலுக்குத்தான். ஆகவே சான்றிதழ் இருப்பதால் இன்ஜின் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

கம்ப்ரஷன் பார்ப்பது அரை மணி நேர வேலை. இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட்டு, எல்லா பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எனக்கு 165, 160, 168, 162 பிஎஸ்ஐ வந்தது. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஏதாவது ஒன்று வெகுவாகக் குறைந்திருந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் நீலப் புகை வருகிறது என்றால் சந்தேகம் வால்வு சீல் பக்கம் திரும்பும். அதற்கும் முன்னால் இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். சத்தமே வராவிட்டால் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அடைப்பாலும் ஆயில் உள்ளே போகும்.

சீல் மாற்ற ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. நான் போன இரண்டாவது மெக்கானிக் வயதானவர். வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களின் ஷாஃப்டைக் கழற்றி, பிஸ்டன் பாதி மேலே வந்த நிலையில் பிளக் துளை வழியாக ஒரு நைலான் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே நுழைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு, கிராங்கைக் கையால் திருப்பினார். கயிறு பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே மெத்தைபோல் இறுகி நின்றதால், வால்வு ஸ்பிரிங்கை அமுக்கி, அதைப் பிடித்திருக்கும் லாக்கை எடுத்தபோது வால்வு சிலிண்டருக்குள் விழவில்லை. அந்தக் குட்டி லாக்குகள் ஆயில் ஓட்டைக்குள் தவறி விழாதபடி சுற்றிலும் பழைய துணியை அடைத்துவைத்திருந்தார். கழற்றிய சீலை என் கையில் கொடுத்தார். நகத்தால் அழுத்தினேன், ரப்பர்போல் குழியாமல் கொட்டாங்கச்சிச் சில்லுபோல் உடைந்தது. கூடவே வால்வை அசைத்து கைடில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்தார். கைடு தேய்ந்திருந்தால் புதுச் சீல் நெடுநாள் தாங்காது, அப்போது ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.

வேலை முடிந்து மறுநாளும் புகை வந்தது, நான் நொந்துபோனேன். சைலன்சருக்குள் படிந்த பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும், கொஞ்சம் ஓட்டுங்கள் என்றார். ஏறக்குறைய 250 கிலோமீட்டர் ஓடியபின் நின்றது. அதுவரை 1000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குடித்த கார், அடுத்த 1000 கிலோமீட்டருக்குப் பிறகு டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டை ஒட்டியே இருந்தது.

உங்கள் காரின் நான்கு கம்ப்ரஷன் அளவுகளையும், புகை ஏற்றத்தில் வருகிறதா இறக்கத்துக்குப் பின் வருகிறதா என்பதையும் எழுதுங்கள். அளவு குறைந்து, ஆயில் விட்டதும் ஏறுகிறது என்றால் உங்கள் மெக்கானிக் சொல்வது சரிதான். அப்போதும் போரை லேத்தில் அளந்த பிறகே, ரிங் மட்டும் போதுமா, ஓவர்சைஸ் (அளவில் சற்றுப் பெரிய) பிஸ்டன் போட வேண்டுமா என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.