நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது: நரம்புத் தளர்ச்சியா?

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கும் 58 வயது அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். பத்து வருடமாகச் சுகர், பீடிப் பழக்கம், கரைக்கு நடந்து போகும்போது கெண்டைக்கால் இறுகி வலி. நரம்புக்கு என்று சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அடைப்பு வலி ஏறக்குறைய ஒரே தூரத்தில் வரும், நின்ற நிலையிலேயே சில நிமிடத்தில் விட்டுவிடும். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினால் நிற்பது போதாது; உட்காரவோ குனியவோ வேண்டும். மணலில் சீக்கிரமே வலி வருகிறதா என்றும் கேளுங்கள். மணலில் தசைக்கு வேலை கூடுதல், வருகிற ரத்தமோ அதே அளவு.

பரிசோதனை எளிது. படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் டாப்ளர் கருவியால் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் கருவி) பிரஷர் எடுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 98-ஐ 140-ஆல் வகுக்க 0.70. 0.90-ம் அதற்குக் கீழும் அடைப்பு. 1.40-ஐத் தாண்டினால் நல்லது என்று நினைக்காதீர்கள். பல வருடச் சுகரில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறிக் கெட்டியானால் அப்படிக் காட்டும். அப்போது கால் விரலில் பிரஷர் பார்க்க வேண்டும்.

பீடியை முழுதாக விட வேண்டும். குறைத்தால் போதாது. அது தொடர்ந்தால் ஆபரேஷன் செய்த குழாயும் மறுபடி அடைக்கும்.

அடுத்து நடை. வலிக்கிறதே என்று உட்கார வைத்துவிடுகிறோம், அதுதான் தவறு. காலில் புண் இல்லாவிட்டால், நடுத்தர வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்கட்டும். இடைநிற்றலோடு 30 முதல் 45 நிமிடம், வாரம் குறைந்தது 3 நாள், 12 வாரம். நடக்கும் தூரம் கூடும்.

கொலஸ்ட்ரால் நார்மல் என்றாலும் ஸ்டாட்டின் மாத்திரை தேவை. கூடவே ரத்தம் கட்டாமல் தடுக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் 75 மி.கி. ஸ்டாட்டினும் இதுவும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கத்தான். சிலோஸ்டசால் நடைதூரத்தைக் கூட்டும், ஆனால் இதயம் பலவீனமானவருக்குக் கூடாது. எதையும் டாக்டர் எழுதியே வாங்குங்கள்.

எனக்குப் பெரிய கவலை பாதம்தான். சுகரில் உணர்ச்சி மங்கியிருந்தால் சிப்பி கிழித்ததே தெரியாது. ரத்தம் குறைந்த காலில் அந்தக் கீறல் அழுகும். வெறுங்காலோடு கரையில் இறங்க வேண்டாம். தினமும் ராத்திரி விரலிடுக்கு உட்பட வெளிச்சத்தில் பாருங்கள். உப்புத்தண்ணீரில் புண் ஆறும் என்பதை நம்பாதீர்கள். கடல்நீரிலும் கிருமி உண்டு. திருக்கை முள் குத்தி வெந்நீரில் கால் வைக்கும்போது, சூட்டை வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். அப்பாவுக்குச் சுடுவது தெரியாமல் கொப்புளித்துவிடும்.

படுத்தால் பாதம் வலித்து, தொங்கப்போட்டால் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் புண் ஆறாவிட்டாலோ, விரல் கறுத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ரத்தநாள அறுவைப் பிரிவு இருக்கிறது.

திடீரென்று கால் சில்லிட்டு, வெளிறி, மரத்து, அசைக்க முடியாமல் போனால் சுமார் 6 மணி நேரம்தான் கையில் இருக்கும். தீவிலிருந்து மதுரை போகவே 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது; காலை உயர்த்தியும் வைக்காதீர்கள்.