15,500 டாலருக்கு ஒரு பழைய எக்ஸ்5: வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: கனடாவில், மிசிசாகாவில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, கையில் 18,000 டாலர் சேர்ந்திருக்கிறது. ஸ்கார்பரோவில் ஒருவர் 2015 மாடல் பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 35ஐ (35i) வண்டியை 15,500-க்குத் தருகிறார். 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது. "ரிப்பேர் செலவு கொன்றுவிடும்" என்று ஆபீஸில் பயமுறுத்துகிறார்கள், உண்மையா?

பாதி உண்மை. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் உங்கள் கணக்குக்கு இப்போது வேண்டாம் என்பேன். ஒண்டாரியோவில் தனியாரிடம் வாங்கினாலும் 13 சதவீதம் வரி உண்டு. பேப்பரில் விலையைக் குறைத்து எழுதித் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நடக்காது. வாங்கிய விலை, அந்த மாடலின் மொத்த விற்பனை மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி போடுவார்கள். ஆக 15,500-க்கு 2,015 வரி. மிச்சம் உங்கள் கையில் 485 டாலர். இந்த வண்டியின் முதல் ஆயில் லீக்குக்கே அது போதாது.

புதிதாக வந்தபோது இது அறுபதாயிரம் டாலருக்கு மேல் விற்ற வண்டி. விற்கிற விலைதான் இறங்கியிருக்கிறது. பார்ட்ஸும் லேபரும் அந்த அறுபதாயிரம் டாலர் வண்டிக்கு உரிய ரேட்டிலேயே நிற்கின்றன. டீலர்ஷிப்பில் லேபர் மணிக்கு 200 டாலரை ஒட்டி வரும், வெளியே நல்ல தனி மெக்கானிக்கிடம் 130, 150. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் என்று ஒன்று, கைக்குள் அடங்குகிற ரப்பர் துண்டு. அதை மாற்றி முடித்து பில் போட்டால் 600 முதல் 1,000 வரை ஆகும்.

அந்தக் கேஸ்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 35ஐ-யில் இருப்பது என்55 என்கிற ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். எஞ்சின் உறுதியானது, அதைச் சுற்றியுள்ள ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் வயதாக ஆக சூட்டில் இறுகிப்போகும். ஃபில்டர் ஹவுசிங்கிலிருந்து கசிகிற ஆயில் நேராக பெல்ட் மேல் இறங்கும். கவனிக்காமல் விட்டால் பெல்ட் நழுவி, கிழிந்து, எஞ்சினின் முன்பக்கத்து கிராங்க் சீல் என்கிற ரப்பர் வளையம் வழியாக எஞ்சினுக்குள்ளேயே இழுபடுவது உண்டு. அப்போது நூறுகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆயிரங்களுக்குப் போகும். அடுத்து வால்வ் கவர், அதாவது எஞ்சினின் மேல் மூடி. அது கசிந்தால் எக்ஸாஸ்ட் மேல் சொட்டிக் கருகும். குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது கருகிய ஆயில் வாசம் உள்ளே வந்தால் பெரும்பாலும் அதுதான். 1,200 முதல் 1,800 ஆகும். எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியின் (ஆயில் பேன்) கேஸ்கெட்டை மாற்ற, எஞ்சினுக்குக் கீழே இருக்கிற முன்பக்கச் சட்டத்தையே (சப்ஃப்ரேம்) இறக்க வேண்டும், 2,000 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கும். தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்ற 1,500 பக்கம். 1,68,000 ஓடிய வண்டியில் இவற்றில் எதையும் மாற்றிய பில் இல்லையென்றால், எல்லாம் உங்கள் தலையில்தான்.

இன்னொன்று, பலரும் பார்க்காதது டயர். ஸ்போர்ட் பேக்கேஜ் வண்டிகளில் முன்னால் ஒரு அளவு, பின்னால் அதைவிட அகலம். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்-ஃப்ளாட் டயர். பழைய ஓனர் காசு மிச்சம் பிடிக்க இரண்டு டயரை மட்டும் மாற்றியிருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் தேய்மானம் வேறுபட்டு எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி விட்டுவிட்டு உதறினால் சந்தேகப்படுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மாற்றினால் சில சமயம் சரியாகும். ஆகாவிட்டால் 4,000-க்கு மேல்.

உங்களுக்கு வந்திருப்பது 35ஐ என்பதால் இவ்வளவு பேசுகிறேன். 50ஐ, அதாவது எட்டு சிலிண்டர் வி8, இதைவிட மலிவாகக் கிடைக்கும். பக்கத்தில் போகாதீர்கள். அந்தத் தலைமுறை என்63 எஞ்சினில் டர்போ இரண்டும் எஞ்சினின் நடுப்பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டில் வால்வ் சீல்கள் போய், வண்டி ஆயிலைக் குடிக்கும். கம்பெனியே 2014 கடைசியில் இந்த எஞ்சினின் முதல் வடிவத்துக்கென்று தனிச் சலுகைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

சரி, ஆசை விடவில்லை, போய்ப் பார்த்தே தீருவேன் என்றால் இப்படிப் பாருங்கள். காலையில் போங்கள், "நான் வருவதற்குமுன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்கிறவரிடம் சொல்லிவையுங்கள். பல வண்டிகளில் பின்பக்கம் காற்றுப் பை சஸ்பென்ஷன். ராத்திரி முழுக்க நின்றதில் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பை கசிகிறது. டிக்கி தரைப்பலகையைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சன்ரூஃப் குழாய் அடைத்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும், பேட்டரியும் அங்கேதான். டிப்ஸ்டிக் தேடாதீர்கள், இந்த எஞ்சினில் கிடையாது, ஆயில் அளவை ஸ்கிரீனில்தான் பார்க்க வேண்டும்.

தரையில் ஆயில் சொட்டு இல்லை என்பதை நம்பவே வேண்டாம். நண்பர் ஒருவர் வாங்க இருந்த ஜெர்மன் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டினோம். கீழிருந்து பார்த்தால் சுத்தம். மெக்கானிக் அடிப்பக்கத்து பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார், தட்டு நிறைய கறுப்பு ஆயில், ஒரு டம்ளர் தேறும். சொட்டாமல் இருந்ததற்குக் காரணம் அந்தத் தட்டு. கூடவே, குளிர்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பில் அரித்த போல்ட்டுகளையும் காட்டினார். அவற்றைக் கழற்றவே தனியாக லேபர் ஏறும் என்றார். அந்தச் சோதனைக்கு ஆன செலவு 200 டாலருக்குள். விற்கிறவர் சோதனைக்குச் சம்மதிக்கவில்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சேஃப்டி சர்டிபிகேட் இருக்கிறதே என்பார். அது பிரேக், ஸ்டியரிங், விளக்கு, துரு போன்றவற்றுக்குத்தான். எஞ்சினின் ஆயுளை அது சொல்லாது. யுவிஐபி (UVIP) என்கிற, வண்டியின் பதிவு விவரங்கள் அடங்கிய 20 டாலர் பேப்பர் கட்டை விற்கிறவர்தான் தர வேண்டும், சட்டம் அப்படி. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பது அதில் தெரியும். விலை பேசுவதற்கு முன்பே வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஊரில் பத்து வருஷம் ஓட்டியதை எல்லாக் கம்பெனியும் கணக்கில் எடுக்காது. நிறையப் பேர் அந்தத் தொகையைக் கேட்டபிறகுதான் மனம் மாறுகிறார்கள்.

என்னைக் கேட்டால், 12,000 டாலருக்குள் ஒரு லெக்சஸ் ஆர்எக்ஸ் 350 அல்லது அக்யூரா எம்டிஎக்ஸ் பாருங்கள். இந்த எக்ஸ்5-ஐவிட இரண்டு மூன்று வருஷம் பழையதாகவே இருக்கட்டும், வரி போக மிச்சம் நாலாயிரத்தில் குளிர்கால டயர் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு இன்ஷூரன்ஸில் சின்னத் தள்ளுபடியும் உண்டு. எம்டிஎக்ஸ் என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள், 1,60,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்ற வேண்டியது. பில் இல்லையா, மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலையில் 1,500 குறைத்துப் பேசுங்கள்.